வாய்க்குள் ஒரு சில்வண்டு

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் எதையும் சோதித்துப் பார்ப்பதில்லை. தேன் வந்தால் பாட்டிலில் ஊற்றி மூடிவிடுகிறேன். பால் எப்படி வருகிறதோ அப்படியே காய்ச்சுகிறேன். போன தீபாவளிக்கு எதிர்வீட்டு அம்மா ஒரு பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார் ஒரு இழையை எரிச்சுப் பார்த்து அசலான்னு சொல்லிடுவாராமே" என்று நின்றாள். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கட்டிக்க நல்லா இருந்தா அசல்தாம்மா" என்றார். அந்தம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

முன்பு இவர் இப்படியா இருந்தார்? என்னைப் பெண் பார்க்க பாளையங்கோட்டைக்கு வந்த அன்றைக்கு, நான் கொடுத்த காபி டம்ளரை வாங்கினவர் குடிக்கவில்லை. கையில் ஏந்தி ஒருதரம் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். காபி பிடிக்கவில்லையோ என்று எங்கள் அம்மாவுக்கு உதறல். கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டால், "கெட்டி வெள்ளியா, பூசினதான்னு எடை பார்த்தேன்" என்கிறார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஹைதராபாத்தில் இந்த ஏ.எஸ்.ராவ் நகருக்கு நாங்கள் குடிவந்ததே இவருடைய வேலையால்தான். பக்கத்தில் இருந்த பெரிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. வருகிற பொருளில் எங்கே குற்றம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆயுசு முழுக்க உத்தியோகம். இவர் மட்டும் என்றில்லை, எங்கள் தெருவே அப்படித்தான். தராசும் மல்டிமீட்டரும் பூதக்கண்ணாடியும் இல்லாத வீடு கிடையாது. ஒரு வீட்டுக்குப் புது இன்வெர்ட்டர் வந்தால் மூன்று நாலு பேர் கூடி, திருகாணியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் விளக்கு எரியும். ஓய்வு பெற்ற பிறகு இவருக்கு இன்னும் கொண்டாட்டம். நெய், குங்குமப்பூ, சந்தனக்கட்டை, யாராவது மருமகள் கொண்டுவந்த வளையல் என்று எல்லாம் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வரும். இவர் சொல்வதுதான் தீர்ப்பு. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

என் சிநேகிதி ஒருத்தி மெயின் ரோட்டில், பேக்கரிக்கு மேல் மாடியில், பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். முதல் தடவை புருவம் திருத்தப் போனபோது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சீனாக்காரி, இவளிடம் என்ன பாஷை பேசுவது என்று திணறி நான் இந்தியில் ஆரம்பித்தேன். என் இந்தி கேட்கச் சகிக்காது. "தமிழ்லயே பேசுங்கக்கா, எனக்கு வரும்" என்றாள். கட்டிக்கொண்டது செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கிற ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையனை. அவர் காலமாகிவிட்டார், தமிழை இவளிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதில் பாதிக்கு ஹைதராபாத் உருது, 'ஆமாம்' என்றால் 'ஹவ்', 'வேண்டாம்' என்றால் 'நக்கோ'. "ஹவ்க்கா, வலிக்கும், ஆனா ஆடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அதற்கப்புறம் அவளால் பேச முடியாது. நான் பேசிக்கொண்டே இருப்பேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் வளர்ந்தது.

பார்லரின் மூலையில் ஒரு பிரம்பு நாற்காலியில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருப்பார். எண்பதை நெருங்கின வயசு. ஒல்லி, ஆனால் நேராக உட்காருவார். டிவியில் தெலுங்கு சீரியல் ஓடும், அவருக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் மாமியார்க்காரி வரும்போதெல்லாம் சரியாகத் திட்டுவார். ஆன்ட்டி என்றுதான் நான் கூப்பிடுவேன். அவர் உடைந்த இந்தியில் பேச, மகள் எனக்குத் தமிழில் சொல்லுவாள்.

ஒருதரம் ஊரில் எங்கள் பெரியப்பா தவறிவிட்டார் என்று போய்விட்டு வந்திருந்தேன். உங்கள் பக்கம் என்னென்ன செய்வீர்கள் என்று ஆன்ட்டி விசாரித்தார். குளிப்பாட்டுவோம், கோடி போடுவோம், கடைசியாக உறவுக்காரர்கள் எல்லாம் வாய்க்கரிசி போடுவோம் என்று சொன்னேன். "வாயிலா?" என்று நிமிர்ந்தார். ஆமாம், போகிற வழிக்குப் பசிக்கக்கூடாது என்று ஒரு பிடி அரிசி என்றேன். அவர் சட்டைக்குள் கையை விட்டு, கழுத்துக் கயிற்றோடு எதையோ இழுத்து வெளியே போட்டார்.

ஒரு வண்டு. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. மடக்கின சிறகு இரண்டு, முழித்த கண் இரண்டு. கண்ணில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருந்தது. உற்றுப் பார்த்தால் அதில் வேலைப்பாடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. யாரோ ஒருவன் ஒரு கல்லை எடுத்து, அழுத்தமாக ஏழெட்டுக் கோடு இழுத்து, போதும் என்று நிறுத்தியிருக்கிறான். ஆனால் சில்வண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. பாசிக் குளத்துத் தண்ணீர் நிறம். ஒரு சிறகு மட்டும் வெள்ளை வெளேரென்று.

"ஜேட். எங்க ஆளுங்க தங்கத்தைவிட ஒசத்தியா நினைக்கிற பச்சைக்கல்லு" என்றாள் சிநேகிதி. "ரொம்ப ரொம்பப் பழசுன்னு அம்மா சொல்வாங்க. சீனாவுல எங்க தாத்தாவோட தாத்தா உழுதுட்டு இருந்தப்ப மண்ணுலேந்து வந்ததாம். அந்தக் காலத்துல பெரிய மனுஷங்க செத்தா நாக்கு மேல இதை வெச்சுப் புதைப்பாங்களாம். சில்வண்டு மண்ணுக்குள்ளயே கிடக்கும், ஒரு நாள் தோலை உரிச்சுப் போட்டுட்டு வெளிய வந்து பாடும்ல? அந்த மாதிரி இவங்களும் எழுந்து வரணும்னு."

வெள்ளைச் சிறகை நான் தடவிப் பார்த்தேன். ஆன்ட்டி சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். "அந்த வெள்ளைக்குப் பேரு கோழி எலும்பு" என்றாள் மகள். "எங்க வீட்ல அப்படித்தான் சொல்வாங்க. ஏன்னு தெரியாது."

அன்றைக்குத்தான் மீதிக் கதையும் வந்தது. அறுபத்திரண்டில் சீனாவோடு சண்டை மூண்டபோது, அசாமில் இருந்த இவர்கள் குடும்பத்தையும் அங்கிருந்த மற்றச் சீனக் குடும்பங்களோடு ரயிலேற்றி ராஜஸ்தான் பக்கம் ஒரு முகாமுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆன்ட்டி அப்போது கல்யாணமாகாத பெண். சில்வண்டு அவருடைய அம்மாவின் கழுத்தில் இருந்தது. எங்கே போகும் வழியில் பறிபோய்விடுமோ என்று பயந்து, ஸ்டேஷனில் வைத்தே அந்தத் தாய் அதை அவிழ்த்து மகள் வாயில் திணித்துவிட்டாள். யாரும் அதைக் கேட்கவும் இல்லை, பறிக்கவும் இல்லை. ஆனால் பயம் போகுமா? முகாமில் ஆள் நடமாட்டம் இருந்தாலே கல் வாய்க்குள் போய்விடும்.

அந்தத் தாய் முகாமிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கல் அவளுடையது, அவள் நாக்கில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் சுற்றிலும் கூட்டம், கல்லோ மகள் வாய்க்குள். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். இந்தப் பெண் வாயை இறுக்க மூடிக்கொண்டே நின்றிருக்கிறாள்.

"வாய்விட்டு அழக்கூட இல்லே" என்றார் ஆன்ட்டி. இதை மகள் மொழிபெயர்க்கவில்லை, அவருடைய இந்தியே எனக்குப் புரிந்தது. "என்ன பொண்ணு இவ, பெத்தவ செத்துக் கிடக்கா, கல்லு மாதிரி நிக்கிறான்னு எல்லாரும் பார்த்தாங்க."

அதனால் அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. தான் போகும்போது சில்வண்டைத் தன் நாக்கில் வைத்து அனுப்ப வேண்டும். அங்கே போய் அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். "இத்தனை வருஷம் வெச்சிருந்ததுக்குத் திட்டுவா. திட்டட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர்கூடப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

ஆசைக்குக் குறுக்கே நின்றது ஆன்ட்டியின் மகன். கனடாவில் இருக்கிறார். நான் பார்லரில் தலைக்கு மருதாணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள், அவரிடமிருந்து போன் வந்தது. ஆன்ட்டி பாத்ரூமில் இருந்தார். சிநேகிதி கை முழுக்க மருதாணி, அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வது இந்தியில்தான், அத்தனையும் என் காதில் விழுந்தது. "உனக்கென்ன பைத்தியமா? அது நிஜமாவே அவ்வளவு பழைய ஜேட்டா இருந்தா அது நம்ம வம்சத்து அடையாளம். அதைக் கொண்டுபோய் மண்ணுல போடறதா? என் பொண்ணுக்கு வரணும் அது." இவள் அம்மா ஆசை என்றாள், அவர் மியூசியம் என்றார். இவள் அழ ஆரம்பித்தாள். கடைசியில் அவர் அலுத்துப்போய், "முதல்ல அசலான்னு பாரு. அசல் இல்லேன்னா என்ன வேணா பண்ணிக்கோ, நான் வாயே திறக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டார்.

கையைக் கழுவிவிட்டு வந்தவள் முகம் தெளிந்திருந்தது. "அக்கா, அண்ணாகிட்ட காட்டலாமா?" என்றாள். அண்ணா என்றால் எங்கள் வீட்டுக்காரர்தான். "பொய்க்கல்லுன்னு வந்துட்டா தம்பி தொல்லை விட்டுது. அம்மா ஆசைப்படி செஞ்சிடலாம்." அடடா, இது நல்ல யோசனையாக இருக்கிறதே என்று எனக்கும் தோன்றியது. அசலாக இருந்தால் கனடாவுக்கு, போலியாக இருந்தால் அம்மாவுக்கு. ஆகவே போலியாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனசார வேண்டிக்கொண்டோம். இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியும் கேட்டிருக்காது.

சுத்தம் செய்து தருகிறேன் என்று அம்மாவிடம் வாங்கி, ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இவர் ஆபீசுக்குப் போகிற மாதிரி முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மேஜையில் பேப்பர் விரித்து, எலெக்ட்ரானிக் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், தையல் நூல். கல்லைக் காற்றில் ஒருதரம் எடை போட்டார், நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு ஒருதரம் போட்டார். போன் கால்குலேட்டரில் தட்டினார். மறுபடியும் முதலிலிருந்து.

"ஜேட்னா தண்ணியைவிட மூணு மடங்கு கனத்துக்குப் பக்கத்துல வரணும். இது ரெண்டரையைத் தாண்ட மாட்டேங்குது" என்றார்.

அப்புறம் எங்கள் பெண்ணின் பழைய ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்தார். "ஐயோ, கீறாதீங்க" என்று நான் பதறினேன். "சிறகுக்கு அடியில, கண்ணுக்கே தெரியாது" என்று சொல்லி ஊசி முனையால் ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளையாக மாவு உதிர்ந்தது. "பார்த்தியா? அசல் ஜேட்டுல இரும்பு ஊசி பட்டா ஊசிதான் மழுங்கும். இது என்னமோ மெதுக்கல்லு. சுண்ணாம்பு மாதிரி உதிருது."

எனக்கு ஏதோ உறுத்தியது. "அந்த வெள்ளைப் பக்கமாப் பார்த்துல்ல கீறியிருக்கீங்க? மண்ணுலேந்து எடுத்ததுன்னாங்களே, அதுல ஏதாவது..." என்று இழுத்தேன்.

"மண்ணுல கிடந்தா என்ன, தண்ணியில கிடந்தா என்ன, கல்லு கல்லுதானே? கல்லுக்கு வயசாகுமா?" என்றார்.

நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். எடையும் ஊசியும் பேசும்போது நான் எங்கே பேசுவது. தவிர, எங்களுக்கு வேண்டிய தீர்ப்பும் அதுதானே. சிநேகிதி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினாள். எங்கள் வீட்டிலிருந்தே கனடாவுக்குப் போன் போட்டு, "அசல் இல்லே, இஞ்சினியர் டெஸ்ட் பண்ணிட்டார்" என்று சொன்னாள். தம்பி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மறுநாள் ஒரு பை நிறைய சீதாப்பழம் வந்தது. இவர் ஒரு பழத்தைக் கையில் எடுத்து எடை பார்த்ததையும் நான் பார்த்தேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று மூன்று பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்கப்புறம் ஆன்ட்டி பார்லருக்கு வருவது குறைந்தது. வந்தாலும் டிவியைப் பார்த்துத் திட்டுவதில்லை. நான் போய் நின்றால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். வயசாகிறது, மூட்டு வலி என்று மகள் சொன்னாள். நானும் நம்பினேன். அந்த வருஷம் மழை முடிவதற்குள் ஒரு நாள் காலையில் ஆன்ட்டி எழுந்திருக்கவில்லை.

மகளோடு ஆன்ட்டியும் வேதத்தில் சேர்ந்திருந்தார், அதனால் சர்ச்சில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். கையில் ஜெபமாலை, வெள்ளைக் கையுறை. வாய் நன்றாக மூடியிருந்தது. எனக்கு மனசெல்லாம் அந்தச் சில்வண்டுதான். சிநேகிதியின் காதருகே குனிந்து, "வெச்சாச்சாம்மா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், "நக்கோக்கா. இப்ப நக்கோ" என்றாள். பக்கத்தில் கோட்டும் சூட்டுமாகத் தம்பிக்காரர் நின்றிருந்தார், கனடாவிலிருந்து வந்துவிட்டிருந்தார். ஓ, இவன்தான் கடைசி நேரத்தில் தடுத்துவிட்டான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். பாவி, பெற்றவளின் வாயிலிருந்துகூடப் பிடுங்குவானா ஒருத்தன் என்று வயிறு எரிய எரியத் திட்டினேன், மனசுக்குள்தான். அவர் வந்து, "அம்மாவுக்கு உங்க ரெண்டு பேரையும் ரொம்பப் பிடிக்கும்" என்று கைகுலுக்கியபோது பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டேன். பாவம், அந்த மனுஷன் என்ன நினைத்திருப்பார்.

அந்தப் பேச்சை நான் அதற்கப்புறம் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடிவிட்டது.

எங்கள் பெண் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறாள். இங்கே வளர்ந்த பிள்ளை, தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும், இல்லாவிட்டால் இங்கிலீஷில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏதோ மியூசியத்துக்குப் போனவள், எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சில்வண்டு. மடக்கின சிறகு, முழித்த கண், அதே ஏழெட்டுக் கோடு. உடம்பில் பாதி வெள்ளை. கீழே, "டாடி, இதி ஆன்ட்டிவாள்ள புருகு கதா?" என்று எழுதியிருந்தாள். ஆன்ட்டி வீட்டுப் பூச்சிதானே இது என்று கேட்கிறாள். பார்லருக்கு என்னோடு வந்தபோதெல்லாம் ஆன்ட்டி கழுத்தில் பார்த்தவள்தானே.

நான் அடுப்படியில் இருந்தேன். இவர் பால்கனியில் உட்கார்ந்து போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்ட குரல் சரியாக இல்லை. நெஞ்சு வலியோ என்று பயந்து கரண்டியோடு ஓடினேன். போனை என்னிடம் நீட்டினார். பெட்டிக்குள் இருந்த சின்ன அட்டையில் இங்கிலீஷில் நாலைந்து வரி. செத்தவர்கள் நாக்கில் வைக்கிற ஜேட் சில்வண்டு என்று முதல் வரி. உடம்போடு சேர்ந்து மண்ணுக்குள் நீண்ட காலம் கிடந்தால் ஜேட் மாறிவிடுமாம். வெளுத்துப் போகுமாம், எடை குறைந்துவிடுமாம், ஊசி முனைக்கே மாவாக உதிரும் அளவுக்கு மெதுவாகிவிடுமாம். அந்த வெள்ளையைச் சீனர்கள் கோழி எலும்பு என்பார்கள் என்று கடைசி வரி.

நான் இரண்டாம் தரம் படித்தேன். கோழி எலும்பு. ஆன்ட்டி சிரித்துக்கொண்டே சொன்னது.

"கல்லுக்கு வயசாகுமான்னு கேட்டேன்ல" என்றார் இவர்.

அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. நான் வைத்த தட்டு அப்படியே இருந்தது. இரும்பு மாதிரி இருக்கிற மனுஷன், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்படியானால் அது அசல்தானா என்று கேட்டேன். "அசல்னு நான் சொல்ல வரல. பொய்னு சொல்ல எனக்கு வக்கில்லைன்னு சொல்றேன். அது புதுக் கல்லுக்கான டெஸ்ட். பழசுக்கு அது பொருந்துமான்னு கேட்டுட்டு இல்ல ஊசியை எடுத்திருக்கணும்."

மறுநாளே போய்ச் சொல்ல வேண்டும் என்று நின்றார். "சவத்த விடுங்க" என்றேன். எனக்கும் கோபம். "போனவங்க போயாச்சு. வாயில வெக்க விடாதது அந்தத் தம்பி, நீங்க இல்ல. இப்ப போய் அசலா இருந்தாலும் இருக்கும்னு சொன்னா, அவளுக்குத்தான் மனசு கிடந்து அடிச்சுக்கும். எதுக்கு?" இவர் கேட்கிற ஆளா? "தப்பா ரிப்போர்ட் கொடுத்தா நாமதான் போய்த் திருப்பி வாங்கணும். முப்பது வருஷம் எனக்குக் கீழ இருந்தவங்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றார். ஒரு வாரம் முட்டி மோதிவிட்டு, கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவர் பியூட்டி பார்லர் படியேறியது அதுதான் முதல் தடவை. காலேஜ் பெண் ஒருத்தி கண்ணை மூடிச் சாய்ந்திருக்க, சிநேகிதி நூலைப் பல்லில் கடித்தபடி புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கண்ணாலேயே உட்காரச் சொன்னாள். உட்காரலாம், காத்திருக்கலாம், அந்தப் பெண் போன பிறகு சொல்லலாம். இவருக்கு அந்த நிதானம் இல்லை. நின்ற இடத்திலேயே, "நான் அன்னிக்குச் சொன்னது தப்பும்மா" என்று ஆரம்பித்து, போட்டோ, அட்டை, கோழி எலும்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நூல் வாயில் இருந்ததால் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அந்த வேலையை முடித்து, ரோஸ் வாட்டர் தடவி, பெண்ணை அனுப்பி, கதவைச் சாத்திவிட்டுத்தான் எங்கள் பக்கம் திரும்பினாள்.

டிராயரைத் திறந்தாள். ஹேர்பின்னுக்கும் ரப்பர் பேண்டுக்கும் நடுவிலிருந்து அதை எடுத்தாள். கனடாவில் இல்லை, இங்கேதான் இருந்திருக்கிறது.

"அப்ப உன் தம்பி...?" என்றேன்.

"தம்பி என்ன பண்ணான்? அவன் வெக்கத்தான் சொன்னான்" என்றாள். "அம்மாதான் நக்கோன்னுட்டாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து போன வேகத்திலேயே, சந்தோஷம் தாங்காமல், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அம்மா, இனிமேல் தம்பி தகராறு பண்ண மாட்டான், இது அசல் இல்லையாம், நீங்களே எடுத்துக்கிட்டுப் போகலாம் என்று. அம்மாவும் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்திருக்கிறாள். ஆன்ட்டி கல்லைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதுக்காகவா நான் வாயைத் திறக்காம நின்னேன் என்று கேட்டாராம். அப்புறம், பொய்க்கல்லைக் கொண்டுபோய் அம்மா கையில் எப்படிக் கொடுப்பேன் என்று சொல்லி, கயிற்றை அவிழ்த்து இவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சாகிற வரைக்கும் அதைக் கழுத்தில் போடவில்லை.

"இத்தனை நாளா ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்றேன்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்க்கா. நீங்க நல்லதுக்குத்தானே பண்ணீங்க."

திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. இவர் சில்வண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார். கண்ணுக்கே தெரியாது என்று அன்றைக்குச் சொன்னாரே, அந்தக் கீறல் எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"கல்லறையில வெச்சுடலாமேம்மா" என்றார், கெஞ்சுகிற மாதிரி. "இப்பவாவது."

"மேல வெக்கலாம்ணா" என்றாள் அவள். "வாயில வெக்க முடியாதே."

கீழே பேக்கரியில் யாரோ ஷட்டரை ஏற்றினார்கள். அவள் மேஜையில் கிடந்த நூல்துண்டுகளைப் பொறுக்கி ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா அப்பவும் சட்டுனு நம்பல. ஒரே ஒரு தடவை என்னைக் கேட்டாங்க, அந்த இஞ்சினியர் நல்லாப் பார்த்தாரான்னு. அண்ணா பார்த்தா தப்பே வராதும்மான்னு நான்தான் சொன்னேன்."